சந்திரனுக்குப் போன ஐந்து பேர்

சேசு மரி சூசை துணை

ஏலாக்குறிச்சி
8-11-1948, திங்கட்கிழமை

அன்பு மகன் அடைக்கலசாமிக்கு அப்பா எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே நீயும் சுகம் என்று உன் கையால் எழுதி நாங்கள் படித்து இன்றோடு நூற்றிருபது நாள் ஆகிறது.

இன்று காலைத் தபாலில் திருச்சி ரேடியோ நிலையத்திலிருந்து வந்த கடிதத்தின்படி, சந்திரனுக்குப் போன ஐந்து பேரும் உயிரோடு இருக்கிறார்கள். கடிதம் ஐந்தாம் தேதியிட்டது, நாடகப் பிரிவு அதிகாரியின் கையெழுத்து இருக்கிறது. நீ சிரிப்பாய், முதலிலிருந்து சொல்கிறேன். நம் பள்ளிக்கூடத்துக்கு சர்க்கார் கொடுத்திருக்கிற பேட்டரி ரேடியோவில் அக்டோபர் ஐந்தாம் தேதி முதல் செவ்வாய்க்கிழமைதோறும் மாலை ஏழு மணிக்கு ஒரு தொடர் நாடகம் வருகிறது. ஐந்து பேர் இரும்புக் கூண்டு ஒன்றில் ஏறிச் சந்திரனுக்குப் போகிறார்கள். அதில் ஒருவன் உன்னைப் போல ஒயர்லெஸ் பார்க்கிறவன், பூமிக்குச் செய்தி சொல்வது அவன் வேலை. அவன் குரலைக் கேட்ட நாள் முதல் அம்மா முன்பெஞ்சை யாருக்கும் விடுவதில்லை. நம்ம பயலும் கப்பல்ல இப்படித்தான் காதுல மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பானாங்க என்று கேட்டாள், ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவன் பேசினால் மட்டும் கொஞ்சம் முன்னால் குனிந்து கேட்பாள்.

ஐந்தாம் பகுதி வந்தது போன செவ்வாய், கல்லறைத் திருநாள். காலையில் எல்லாரும் கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்த அதே மனத்தோடு சாயந்திரம் ரேடியோ முன் உட்கார்ந்திருந்தார்கள். கூண்டு சந்திரனை நெருங்குகிறது, ஒயர்லெஸ்காரன் கேட்கிறதா, கேட்கிறதா என்று இரண்டு தரம் கூப்பிட்டான், குரல் மெலிந்துகொண்டே போய் நின்றுவிட்டது. பத்து நிமிஷம் ஒருவரும் அசையவில்லை. நாடகத்திலேயே அப்படித்தான் என்று நானும் நினைத்தேன். வாத்தியார் லூர்துராஜ் எழுந்து பின்பக்கம் தடவிப் பார்த்து, பேட்டரி தீர்ந்துபோச்சுங்க என்று சொல்வதற்குள் எதிர்வீட்டுக் குஞ்சம்மாள் முழங்காலில் நின்று மரித்தோர் செபத்தை ஆரம்பித்துவிட்டாள், பாதிப்பேர் பதில் சொல்கிறார்கள். வாத்தியார் மறுபடி சொன்னதற்கு, பேட்டரியும் போச்சு, அவங்களும் போயிட்டாங்க, நீங்க சும்மா இருங்க சார் என்றாள்.

மறுநாள் காலை தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் அந்த ஐவருக்கும் பூசை கேட்டு உபதேசியார் சவரியார் வீட்டுக்குப் போனார்கள். அம்மாவும் போனாள், என்ன நடக்கிறது என்று பார்க்க நானும் போனேன். நாடகத்துல செத்தவங்களுக்கெல்லாம் பூசையா என்றார் உபதேசியார். ஆத்துமாக்கள் மாசம், எந்த ஆத்துமாவா இருந்தா உமக்கென்ன என்றாள் குஞ்சம்மாள். சந்திரன் எந்தப் பங்குக் கோயில்ல சேருதுன்னு தெரியலையே, சாமியாரைத்தான் கேக்கணும் என்று சொல்லிக்கொண்டே அவர் பூசை நோட்டை விரித்தார். அதில் இடது பக்கம் உயிரோடிருக்கிறவர்களுக்கு, வலது பக்கம் இறந்தவர்களுக்கு. பென்சில் வலது பக்கம் போனது. அப்போது அம்மா நோட்டின் மேல் கையை வைத்துவிட்டாள். சத்தம் வரலேன்னா செத்துட்டாங்கன்னு அர்த்தமா உபதேசியாரே, எம்மவன் நாலு மாசமா சத்தமில்லாம இருக்கான், அவனையும் அந்தப் பக்கம் எழுதிடுவீங்களா என்றாள். குரலை உயர்த்தவில்லை. குஞ்சம்மாள்தான் முதலில் அழுதாள்.

முப்பது வருஷம் பத்திரிகைக்குச் செய்தி எழுதியவன் நான். உறுதியான தகவல் இல்லாமல் எதையும் நினைத்துக்கொள்ளாதே என்று இந்த நாலு மாசமும் அவளிடம் சொல்லி வந்தேன். அவளும் சரிங்க என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தினம் பதினொரு மணிக்கு அவள் வாசலைப் பெருக்குவது தபால்காரருக்காக என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அன்று மத்தியானமே ரேடியோ நிலையத்துக்கு எழுதினேன். குரல் நின்றது நம் பேட்டரியால், நாடகத்தில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று பதில் வந்திருக்கிறது. அம்மா அதை இரண்டு தரம் படிக்கச் சொன்னாள். பிறகு, அதான் சொன்னேனே என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மற்றபடி, பெரம்பலூரில் உன் அக்காள் விண்ணரசிக்கு இது எட்டாம் மாசம், கார்த்திகை பிறந்ததும் அழைத்துவரப் போகிறோம். மழை நன்றாகப் பெய்கிறது, கொள்ளிடத்தில் தண்ணீர் கரையைத் தொட்டுப் போகிறது. நீ ஈரத்தலையோடு காதில் அந்தக் கருவியை மாட்டாதே, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள். எழுத நேரமில்லை என்றால் இரண்டு வரி போதும், சுகம் என்று ஒரு வரி, தேதி ஒரு வரி.

உன் கம்பெனி ஆபீசிலிருந்து சனிக்கிழமை வந்த பதிலில் கப்பல் பத்திரம், மொம்பாசாவிலிருந்து ஏடன், கராச்சி வழியாக இருபதாம் தேதி பம்பாய் வருகிறது என்று இருக்கிறது. கப்பலில் இருப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதனால் இந்தக் கடிதத்தை பம்பாய் ஆபீசுக்கே அனுப்புகிறேன், இறங்கியதும் உன் கையில் கொடுப்பார்கள். அடைக்கல மாதா உன்னைக் காப்பாற்றட்டும், அம்மா உன் நெற்றியில் சிலுவை போட்டதாக எழுதச் சொன்னாள்.

பேட்டரி அரியலூர் ரைஸ் மில்லில் சார்ஜ் ஆகி நாளைக் காலை பஸ்ஸில் வருகிறது, ஆறாம் பகுதி நாளை மாலை ஏழு மணிக்கு. உபதேசியார் நோட்டில் இடது பக்கம், சந்திரனுக்குப் போனவர்கள் ஐந்து பேர், கூட ஒருவர் என்று எழுதியிருக்கிறார். பூசை இருபதாம் தேதி, உன் கப்பல் பம்பாய் சேரும் நாள். ஐந்து பேரைப் பற்றித் தகவல் கிடைத்துவிட்டது. கூட ஒருவரைப் பற்றி நீதான் எழுத வேண்டும். பம்பாய்த் தபால் இங்கே வர நாலு நாள், இருபத்து நான்காம் தேதி புதன்கிழமை பதினொரு மணிக்கு எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
உன் அப்பா
சின்னப்பன்