சேந்தன் இனிப் பந்து வீசார்

ஓங்கல் நாட்டு அரசியாரின் ஒன்பதாம் ஆட்சியாண்டு, மாசித் திங்கள் இருபத்திரண்டாம் நாள். முதலில் இருபத்தொன்று எனத் தவறாகப் பொறித்த ஏடு முறிக்கப்பட்டு, இது புதிதாக எழுதப்படுகிறது.

உப்பும் முத்தும் குறையாத நெய்தலங்கரையை ஆள்பவரும், ஐந்து நாட்டு மட்டைப்பந்தாட்டத்துக்கும் நிழற்பந்தலாக விளங்குபவருமான பெருவேந்தர் ஆதனெழிலார் திருமுன்பு, அரசியார் பொன்னவிர் தேவியாரின் ஆணைப்படி, ஆட்டக்களங்களின் அமைச்சர் காரிநம்பி வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் கடலில் மீன் பெருகுக. தங்கள் கலங்கள் பழுதின்றிக் கரை சேர்க.

பங்குனி விழா ஆட்டத்துக்கு வரும் எங்கள் அணியோடு வேகப்பந்து வீச்சாளர் சேந்தனையும் அனுப்புமாறு கேட்டிருந்தீர்கள். ஐந்து நாடுகளிலும் அவ்வளவு விரைவாக வீசுபவர் வேறொருவர் எஞ்சவில்லை என்றும், அந்த வேகத்தை ஒருமுறையேனும் காணத் தங்கள் மக்கள் ஏங்குகிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். இரண்டும் உண்மை. ஆயினும் சேந்தன் வரமாட்டார். காரணத்தை மறைக்காமல் எழுதும்படி அரசியார் பணித்திருக்கிறார்.

எங்கள் நாட்டில் வேகத்தை அளக்கக் கருவி ஏதும் இல்லை. குச்சிகளுக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் காப்பாளர் எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பதே அளவு. சேந்தன் பந்தைக் கையில் எடுத்ததும் காப்பாளர் கீரன் குச்சிகளிலிருந்து விலகிப் பின்னால் நடப்பார். அவர் நடக்க நடக்க மக்களின் ஆரவாரம் ஏறும். அந்த நடையைக் காண்பதற்கென்றே மலையடி ஊர்கள் கட்டுச்சோற்றுடன் திரண்டு வந்ததுண்டு.

கார்த்திகைக்குப் பின் சேந்தனின் வேகம் குறைந்தது. அது அவருக்கும் கீரனுக்கும் மட்டுமே தெரியும். ஏனெனில் கீரன் பழைய இடத்திலேயே நின்றார். தாழ்ந்து வந்த பந்தைத் தரையோடு அள்ளி, மார்பளவில் பிடித்தவர்போல் நிமிர்ந்தார். மாடத்திலிருந்த அமைச்சர், இவ்வோலை விடுக்கும் காரிநம்பியே, பந்தைப் பாராமல் கீரன் நின்ற இடத்தைப் பார்த்து, வேகம் குன்றவில்லை என அரசியாருக்கு அறிவித்தார். ஓய்வு தரவேண்டிய வேளையில் மேலும் மேலும் ஆட்டங்கள் தரப்பட்டன.

தைத் திங்களின் கடைசி ஆட்டத்தில் பந்து இருமுறை குத்தி உருண்டுபோய்க் கீரனைச் சேர்ந்தது. வெள்ளரிப்பிஞ்சு விற்ற ஒருத்தி, "ஏ கீரா! அங்க என்ன ஆடு மேய்க்கிறியா? பந்து வந்து சேர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிரும், முன்னால வாய்யா!" என்று கூவக் களமே சிரித்தது. சேந்தன் கீரனிடம் நடந்து சென்றார். அருகில் நின்றோர் கேட்டதை அவர்கள் சொன்னபடியே பொறிப்பது முறை.

"முன்னால வந்துர்றா. எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு."

"என் இடம் இதுதான். நீ போடு."

"முதுகு விண்ணுவிண்ணுன்னு தெறிக்குதுடா."

"அப்போ போய் உக்காரு, வேற ஆள் போடட்டும். முன்னால மட்டும் வரமாட்டேன்."

"பிடிவாதம் புடிச்ச பயலே, மூஞ்சியக் காப்பாத்திக்க" என்று சிரித்துவிட்டுச் சேந்தன் திரும்பினார். அடுத்து அவர் வீசிய பந்து, மட்டையாளர் மட்டையைத் தூக்குமுன் அவரைக் கடந்தது. கீரன் அதை முகத்துக்கு நேரே பிடித்து, தலைக்குமேல் உயர்த்தி, "பாத்தியா? இப்பப் பாத்தியா?" என்று வெள்ளரிக்காரி இருந்த பக்கம் ஓடினார். களம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. சேந்தன் குப்புற விழுந்து கிடப்பதை முதலில் கண்டவர் எதிரணி மட்டையாளரே.

முதுகெலும்பு பிளந்திருக்கிறது. நடப்பார், வீசமாட்டார் என்று மருத்துவர்கள் அமைச்சரிடம் மட்டும் கூறியுள்ளனர். அவர் நலம் குன்றியதைக் கேள்வியுற்று, மெதுவாகவேனும் நான்கு பந்து வீசட்டும் எனத் தாங்கள் பின்னர் கேட்டதைச் சேந்தனிடம் தெரிவித்தபோது, "மெதுவாப் போடுறவன் ஊருக்கு நாலு பேர் இருக்கான். என்னைக் கூப்பிட்டா என் வேகத்தோட கூப்பிடச் சொல்லுங்க. பங்குனிக்குள்ள எழுந்துருவேன்" என்றார். மருத்துவர்கள் கூற்றைச் சேந்தனிடம் மறைத்தே அமைச்சர் திரும்பினார். கீரன் மருத்துவசாலை வாயிலிலேயே அமர்ந்திருக்கிறார்.

சேந்தனுக்குப் பதிலாக அனுப்பவும் வேகமாக வீசும் ஆளில்லை. தோள்வலிமை உள்ள இளையோர் மூவரை அழைத்துக் கேட்டதில், "சேந்தண்ணன் கிடக்கிற கிடையப் பாத்துட்டு யாருங்க அப்படிப் போடுவாங்க? நாங்க மெதுப்பந்துதான் பழகுறோம்" என்றனர். அவர்களைக் கடிவது முறையன்று. மட்டையாளர் ஓட்டம் குவிக்க வேண்டும் என்று புல்லை மழித்து, களத்தை மந்தமாக்கி, பந்து எழும்பாமல் செய்தவர்கள் நாம். ஆறு பருவத்திலும் ஆட்டம் வைத்து ஓய்வைப் பறித்தவர்களும் நாம். ஆகவே களங்களில் புல்லை விட்டுவைக்கவும், ஆண்டில் ஒரு பருவமேனும் ஆட்டமின்றி இருக்கவும் ஐந்து நாடுகளும் உடன்பட வேண்டுகிறோம். அதனால் அந்த வேகம் மீளுமா என்று கேட்டால், அமைச்சருக்கு உறுதியில்லை.

தங்கள் மக்களின் ஏமாற்றத்துக்கு எங்கள் நாடு தலை தாழ்த்துகிறது. இரு நாட்டு நட்பு நிலைபெறுக. அரசியாரின் வேங்கைப்பூ முத்திரை இவ்வோலையில் இடப்பட்டது.

எங்களிடம் இருக்கும் இவ்வோலையின் நகலில் அரசியார் சேர்த்த ஆணை: நாளைக் காலை விழா ஆட்டத்துக்கான பதினொருவர் பெயரைப் பறையறைந்து அறிவிப்பார்கள்; சேந்தன் பெயர் அதில் இராது. பறை எழுமுன் காரிநம்பி மருத்துவசாலைக்கு நடந்து சென்று, கீரனையும் உள்ளே அழைத்துக்கொண்டு, சேந்தனிடம், இனி வீச இயலாது என்பதை நேரில் சொல்லுக.