போளூர் ரோட்டு வீட்டில் நின்ற கார்

அப்பா,

எதிர்வீட்டில் ஒரு பழைய காருக்கு இன்று பெயின்ட் வேலை தொடங்கியிருக்கிறார்கள். துருப்பிடித்த ஸ்குரூக்களில் மண்ணெண்ணெய் விட்டு ஊறப்போட்டிருப்பார்கள் போலிருக்கிறது. அந்த வாசனை என் சமையலறை வரைக்கும் வந்தது. ஜன்னலைச் சாத்திப் பார்த்தேன். உட்கார முடியவில்லை. நீங்கள் போய் இத்தனை வருஷத்தில் உங்களுக்கு ஒரு வரி எழுதத் தோன்றியதில்லை. இன்று தோன்றியது, கோபத்தில்.

எழுபதுகளின் கடைசியில் அந்தக் கறுப்பு அம்பாசிடரை வாங்கினீர்கள். ஒரு வயதான வக்கீல் ஓட்டிய வண்டி. பாத்திரக் கடைக்காரனுக்குக் கார் எதற்கு என்று பெரியப்பா கேட்டாராம். அம்மா அதைச் சொல்லிச் சிரித்தாள். நீங்கள் சிரிக்கவில்லை. கடைக்கு நடந்து போகும்போதுகூட வேட்டி மடிப்பு கலையாமல் போகிறவர் நீங்கள். யார் பார்க்கிறார்கள், என்ன நினைப்பார்கள் என்பதுதான் உங்களுக்கு எப்போதும் முக்கியம்.

வண்டியின் கறுப்பு அங்கங்கே வெளுத்திருந்தது. க்ரீம் கலர் அடிக்க ஆசைப்பட்டீர்கள். கதவோரமாக ஓடும் நிக்கல் பட்டைகள் மேல் பேப்பர் ஒட்டிவிட்டு அடித்துவிடலாம் என்றார் பெயின்டர். நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஓரத்தில் பழைய கறுப்பு கோடாகத் தெரியும், பார்க்கிறவன் சிரிப்பான் என்றீர்கள். எல்லாவற்றையும் நீங்களே கழற்றுவதாக முடிவு செய்தீர்கள்.

கடை மூடும் நாட்களில் அதுதான் வேலை. பழைய கத்தி முனையில் துணியைச் சுற்றி, கதவுப் பட்டையின் அடியில் நுழைத்து, கிளிப்பு உடையாமல் கொஞ்சம் கொஞ்சமாக நெம்புவீர்கள். ஒரே இடத்தில் தூக்கினால் பட்டை மடிந்துவிடும், அப்புறம் நிமிர்த்தினாலும் அந்த மடிப்பு போகாது என்பீர்கள். அம்மா இன்னொரு முனையைத் தாங்கிப் பிடித்திருப்பாள். கழன்று வந்ததை வாங்கி, தன் பழைய புடவையில் வரிசையாக வைத்து, இடது பக்கமா வலது பக்கமா என்று சாக்பீஸால் எழுதுவாள். அந்த நாட்களில் அவள் சந்தோஷமாக இருந்தாள். உங்களோடு சேர்ந்து ஒரு வேலை செய்ய அவளுக்கு அதற்கு முன் வாய்த்ததே இல்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

பட்டை, முன்பக்கக் கிரில், ஹெட்லைட்டைச் சுற்றிய வளையம், பம்பர் எல்லாம் போனபின் கதவு நெடுக ஓட்டைகளும் துருவுமாக நின்றது வண்டி. பல் போன கிழவி மாதிரி இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அன்றே தார்ப்பாய் போட்டு மூடினீர்கள். பேட்டரி இறங்காமல் இருக்கத் தினமும் காலையில் ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு மறுபடி மூடுவீர்கள். ஓட்டத் தேவையான எதையும் நீங்கள் கழற்றவில்லை.

கார்த்திகை தீபத்தன்று காலையிலும் ஸ்டார்ட் செய்து பார்த்தீர்கள். உள்ளே பொரி உருண்டைக்கு வெல்லப்பாகு காய்ச்சிக்கொண்டிருந்த அம்மா, கரண்டியோடு சரிந்து விழுந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண் திறந்திருந்தது. அடுத்த தெரு டாக்டர் ஓடிவந்து பார்த்தார். இங்கே ஒன்றும் செய்ய முடியாது, உடனே வேலூருக்குக் கொண்டுபோங்கள் என்றார்.

நம் வீடு போளூர் ரோட்டில், ஊரின் கடைசியில். வேலூருக்குப் போக ஊருக்குள் நுழையவே வேண்டாம். நான் வாசலுக்கு ஓடித் தார்ப்பாயை இழுத்தேன். நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள்.

"இந்தக் கோலத்துல எப்படிம்மா ரோட்டுல எடுக்கறது? மலை தீபம் பாக்க ஊர் ஜனமே வந்திருக்குது. தோ, டாக்சி கூட்டிட்டு வந்துடறேன்."

"வண்டி ஓடும் இல்லப்பா?"

"ஓடும்" என்றீர்கள். பிறகு உள்ளே போய்ச் சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினீர்கள்.

தீபத்தன்று டாக்சி எங்கே கிடைக்கும்? நீங்கள் திரும்பி வரும்போது மதியச் சாப்பாட்டு வேளை தாண்டியிருந்தது. அதுவரைக்கும் அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். அவள் கண் வாசல் பக்கமே இருந்தது. நீங்கள் சொன்னது அவள் காதில் விழுந்தது, அப்பா. அவள் படுத்திருந்த இடத்திலிருந்து வாசல் பத்தடிகூட இல்லை.

இன்னும் சீக்கிரம் வந்திருக்கலாம் என்றார் வேலூர் டாக்டர். வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. அம்மாவுக்கு வலது பக்கம் போயிற்று. பேச்சும் போயிற்று.

அதன்பிறகு நீங்கள் அவளைக் கவனித்துக்கொண்டதை நான் மறைக்கவில்லை. தலை வாரிவிட்டீர்கள், ஊட்டினீர்கள், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. பெண்டாட்டியை இப்படிப் பார்த்துக்கொள்கிற ஆள் இந்த ஊரிலேயே கிடையாது என்று எல்லோரும் பேசினார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவேன்.

தை மாதம் பெயின்ட் அடித்து முடிந்தது. பட்டைகள் எல்லாம் அதனதன் இடத்தில் ஏறின. வண்டியை வாசலில் நிறுத்தி, அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போகத் தூக்கினீர்கள். அவள் இடது கையால் நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டாள். விரல்களைப் பிரிக்கப் பார்த்தீர்கள், விடவில்லை. அந்த ஒரு கையில் அத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "பயப்படறா" என்று வேடிக்கை பார்த்தவர்களிடம் சொன்னீர்கள். அவள் முகத்தை நான் பார்த்தேன். அதில் பயம் இல்லை. சாகும்வரைக்கும் அவள் அந்த வண்டியில் ஏறவில்லை. ஆஸ்பத்திரிக்குக்கூட ஜட்கா குதிரைவண்டியில்தான் கொண்டுபோனோம்.

எண்பதுகளின் கடைசியில், அம்மா போன பிறகு, நீங்களும் படுத்தீர்கள். ஒரு மத்தியானம் கஞ்சி கொடுத்துவிட்டு வாய் துடைத்தபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள்.

"நீ கூடவே இருந்தியே. உங்கம்மாவுக்கு எம்மேல எதனா வருத்தம் இருந்துச்சா?"

உங்களுக்கும் தெரிந்துதான் இருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பத்து வருஷமாக அதைச் சுமந்துகொண்டுதான் அவளுக்குத் தலை வாரியிருக்கிறீர்கள். அது தெரிந்தும் எனக்கு இரக்கம் வரவில்லை. கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"இல்லப்பா. ஒண்ணும் இல்ல" என்றேன்.

கையை விட்டுவிட்டுக் கண்ணை மூடினீர்கள். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. நெடுநாளைக்கப்புறம் நன்றாகத் தூங்கினீர்கள். அந்தத் தூக்கத்தை உங்களுக்குக் கொடுத்தவள் நான்தான், அம்மா இல்லை. அவள் கொடுக்காததைக் கொடுக்க எனக்கு என்ன உரிமை என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.