ஓர் எழுத்தை விட்டதற்கு

புதன், இரவு.

எங்கள் பனியன் ஆலைக்கு ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனியின் இணையதளத்தைக் காலையில் திறந்தால் செருப்பு விளம்பரம் வந்தது. கம்பெனியே மூழ்கிவிட்டது என்று பதறி, அவர்களுக்காகத் துணி வெட்டும் கட்டிங்கை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

மத்தியானம்தான் தெரிந்தது, முகவரியில் ஓர் எழுத்தை விட்டிருக்கிறேன். அப்படி ஒரு தளமே இல்லை என்று சொல்லாமல், நமக்கு நெட் இணைப்புக் கொடுக்கிறவன் விளம்பரத்துக்குத் திருப்பிவிட்டிருக்கிறான், கேடுகெட்டவன்! சரியாக அடித்ததும் கம்பெனி பத்திரமாக வந்தது.

கட்டிங் மாஸ்டர் செல்வராஜிடம் ஓடினேன்.

"மறுபடி ஆரம்பிங்க மாஸ்டர்."

"நிறுத்தவே இல்லீங்களே. பனியன் துணியை விரிச்சு வெச்சுட்டு வெட்டாம உட்டா ஓரமெல்லாம் சுருண்டுக்குமுங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

என் பேச்சை மீறியதற்கு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். மாறாக, மாஸ்டருக்கு டீயோடு இரண்டு வடையும் வாங்கிவரச் சொன்னேன்.