விட்டுப்போன 'பச்சை'

சிட்டுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நலம். என் நலத்தில் மட்டும் ஒரு சின்னத் திருத்தம் உண்டு, வரிசையாகச் சொல்கிறேன், பதறாமல் படி.

மூன்று மாதத்துக்கு முன்னால் போனில் சொன்னாயே, தினமும் பட்டாணி சாப்பிடுங்கப்பா, நார்ச்சத்து, புரதம், வயிறு நிறையும், சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாது, ரத்த அழுத்தத்துக்கும் நல்லது என்று. மகள் சொல்லைத் தட்டவில்லை. பஸ் டிப்போ வாசல் கடையில் தினமும் இரண்டு பொட்டலம். வறுத்தது, உப்புப் போட்டது. ஒவ்வொரு சிக்னலிலும் ஒரு கை. அண்ணே, நம்ம பஸ் டீசல்ல ஓடுதா பட்டாணியில ஓடுதா என்று கண்டக்டர் கேட்டான். நான் சிரிக்கவில்லை. வைத்தியம் அல்லவா. வருடாந்திரப் பரிசோதனையில் டாக்டரம்மா என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார், இறக்கினார், மறுபடி அடித்தார். நூற்று அறுபத்தெட்டு. உப்பு அதிகமா என்றார். இல்லவே இல்லை, மகள் சொன்ன பத்தியம் என்று பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தேன். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். டாக்டரம்மா மட்டும் பொறுமையாக, உங்க மகள் சொன்னது பச்சைப் பட்டாணிங்க, இது உப்பு, நடுநடுவே கொஞ்சம் பட்டாணி என்றார். ஒரு மாதத்தில் இறங்காவிட்டால் ஸ்டீயரிங் கிடையாது, ஆபீசில் உட்கார்ந்து சாவி எடுத்துக் கொடுக்கும் வேலைதான் என்றும் எழுதிவிட்டார். இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவன், இனி மற்றவர்கள் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டு சாவி கொடுப்பது. அன்றைக்கு வண்டியை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் இறங்கவில்லை.

அம்மா திட்டவில்லை. இவருக்குக் காது கேட்கும், பாதி வாக்கியம்தான் கேட்கும் என்றாள், அவ்வளவே. அதிலிருந்து தினமும் சாயங்காலம் நடுவில் தட்டு, இரண்டு பக்கமும் நாங்கள். பட்டாணி உரிக்கிறோம். நான் பத்து உரிப்பதற்குள் அவள் கிண்ணம் நிறைந்துவிடும், பஸ்ஸை வளைத்த கை இவ்வளவுதானா என்பாள். வேகவைத்து, உப்பில்லாமல், எலுமிச்சை பிழிந்து. முதல் வாரம் புல் தின்பதுபோல் இருந்தது. இப்போது பிடித்துவிட்டது, அவளிடம் சொல்லவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையும் உண்டு, எல்லாப் புண்ணியத்தையும் பட்டாணிக்கே எழுதிவிடாதே.

நேற்று மறுபரிசோதனை. நூற்று முப்பத்தாறு. டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். இன்று காலை டிப்போவிலிருந்து முதல் வண்டியை நான்தான் எடுத்தேன். கண்டக்டருக்கும் ஒரு டப்பா கொண்டுபோனேன். வாயில் போட்டுவிட்டு, தப்பு பண்ணது நீங்க, தண்டனை எனக்கா என்றான்.

ஒன்றே ஒன்று. ஒரு சொல் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று பார்த்தாய். அதனால் எப்படி இருக்கிறாய் என்று நாங்கள் கேட்டால், நல்லா இருக்கேன்பா என்று முடித்துவிடாதே. நீ விட்டுவிடுகிற சொல்லையும் சேர்த்து எழுது. எவ்வளவு நீளமானாலும் பரவாயில்லை, அம்மா படிக்கட்டும், நான் உரித்துக்கொண்டே கேட்கிறேன்.

நோய்நொடி அண்டாமல் நன்றாயிரு. அம்மாவின் ஆசியும் இதிலேயே அடக்கம். உப்பைக் குறை.

இப்படிக்கு,
முழு வாக்கியமும் கேட்கப் பழகிவரும்
உன் அப்பா