கழுத்து மட்டும் பாக்கி

சேசு மரி சூசை துணை

கருமத்தம்பட்டி,
1.12.1996, ஞாயிறு.

அன்புள்ள அமலோற்பவத்துக்கு,

உன் கணவன் பாக்கியசாமி எழுதுவது. இங்கே நான் நலம். ஹாஸ்டலில் லின்சி நலம். முருங்கை மரம் நலம். கிணற்று மோட்டாருக்கு மட்டும் உடம்பு சரியில்லை. உன் நலத்தை உன் கடிதத்தில் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. இரண்டு பக்கம் ஆஸ்பத்திரி வேலையைப் பற்றி எழுதிவிட்டு, ஓரத்தில் 'எனக்கு ஒன்றுமில்லை' என்று முடித்துவிடுகிறாய்.

நீ கேட்டிருந்ததைப் படித்தேன். குவைத் ஒப்பந்தம் பிப்ரவரியோடு முடிகிறது, இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடட்டுமா, கிறிஸ்துமஸுக்குள் ஆஸ்பத்திரியில் சொல்லியாக வேண்டும் என்று எழுதியிருந்தாய். அதற்குப் பதில் எழுதத்தான் பூசை முடிந்து வந்ததும் உட்கார்ந்தேன். ஆனால் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு மில்லோடு போய்விட்டது. கொஞ்சம் பொறுத்துப் படி.

போன வாரம் உன் தம்பி லியோ வந்திருந்தான். கையில் சுருட்டிய பிளான். நம் வீட்டுக்கு மாடி எடுப்பதற்காம். நீ உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, படி இங்கே, ஜன்னல் அங்கே என்று விரலால் காட்டினான். "அக்கா இன்னும் ரெண்டு வருசம் இருந்துச்சுன்னா மேல ரெண்டு ரூம் எடுத்துப்போடலாமுங்க மச்சான். அக்காவுக்கும் அங்க பழகிப்போச்சுங்க" என்றான். மாடியைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. பழகிப்போய்விட்டது என்று அவன் சொன்னதுதான் செரிக்கவில்லை. கீழே இருக்கிற அறைகளிலேயே நடமாட ஆள் இல்லை. அவனுக்குக் காப்பி கொடுத்தேன், சர்க்கரை போடாமல். மறந்துவிட்டேன் என்று சொன்னேன். மறக்கவில்லை.

அவன் மேல் எனக்குள்ள கோபம் உனக்குத் தெரியாததல்ல. மில் மூடின வருஷம், படித்த படிப்பையும் ஸ்பின்னிங் மாஸ்டர் என்ற பெயரையும் சுமந்துகொண்டு நான் ஈரோடு, உடுமலை என்று வேலைக்கு அலைந்துகொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அவன் உன்னை ஏஜென்டிடம் கூட்டிப் போனான். பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகுதான் அக்காவும் தம்பியுமாக என்னிடம் சொன்னீர்கள். இத்தனை வருஷம் உன்னோடு வாழ்ந்தவனுக்கு, தபால்காரனுக்கு அடுத்தபடியாகத்தான் விஷயம் தெரிந்தது. இதை இருபது தடவை எழுதிவிட்டேன் என்பாய். எழுதத்தான் செய்வேன்.

மில்லை மூடியவர்கள் வருஷம் தவறாமல் காலண்டர் மட்டும் அனுப்புகிறார்கள். அதை ஆணியில் திருப்பி மாட்டியிருக்கிறேன். முதலாளி முகம் சுவரைப் பார்க்கிறது, எனக்கு வெள்ளைத்தாள் மிச்சம். கண்ணிக் கணக்கு எழுத வசதியாக இருக்கிறது.

என்ன கண்ணிக் கணக்கு என்று கேட்பாய். அதற்குத்தான் வருகிறேன்.

நீ போவதற்கு முன் எனக்கென்று தொடங்கிய காப்பிக்கொட்டை நிற ஸ்வெட்டர் நினைவிருக்கும். ஊட்டியில் வாங்கினாயே, இரண்டு ஊசிகளை ஒரு பிளாஸ்டிக் வயரால் இணைத்த வட்ட ஊசி, அதில் கீழிருந்து சுற்றிச் சுற்றிப் பின்னி நெஞ்சுக்குக் கீழ்வரை கொண்டுவந்திருந்தாய். பிறகு அப்படியே ஊசியோடு பச்சை வயர் கூடையில் போட்டு பீரோ மேல் வைத்துவிட்டு, "வந்து முடிச்சுத் தாரேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாய். நான் அந்தக் கூடையைத் தொடவில்லை. பீரோவை ஒட்டடை அடித்தபோதுகூட அதைச் சுற்றித்தான் அடித்தேன்.

ஜூன் மாத லீவில் லின்சி எதையோ தேடப்போய்க் கூடை கவிழ்ந்துவிட்டது. ஒரு பக்கத்து ஊசி உருவி வந்து, பின்னல் கண்ணிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்க ஆரம்பித்தன. பிள்ளை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "அம்மா போட்டதுங்கப்பா, அவுந்துபோகுதுங்கப்பா" என்று அழுதாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அவள் பிடித்த பிடியோடு, நான் தொங்குகிற பக்கத்தை ஏந்திக்கொண்டு, இரண்டு பேருமாகப் பக்கத்து வீட்டு இருதயம்மாளிடம் போனோம். எதிரே மயில்சாமி வந்தார். நான் இப்போது மேற்பார்வை பார்க்கிற தறிக்கூடத்தின் முதலாளி அவர்தான் என்று எழுதியிருந்தேன் அல்லவா. ஏதோ அடிபட்ட கோழியைத் தூக்கிப் போகிறோம் என்று நினைத்து சைக்கிளை நிறுத்திவிட்டாராம். விஷயம் தெரிந்த பிறகு, "மாஸ்டர், நம்ம தறியெல்லாம் நிறுத்திப்போட்டு உங்க ஊசிய ஓட்டலாமுங்களா" என்று தினம் ஒரு தடவை கேட்கிறார். அவருக்கும் ஒரு நாள் சர்க்கரை இல்லாத காப்பி இருக்கிறது.

இருதயம்மாள் நழுவிய கண்ணிகளை எல்லாம் பிடித்து ஊசியில் ஏற்றிக் கொடுத்தாள். மிச்சத்தை நீயே முடித்துக் கொடு என்று கேட்டேன். மாட்டேன் என்றுவிட்டாள். உன் சிநேகிதி அல்லவா, உன் பிடிவாதம் அவளுக்கும் இருக்கிறது. "அமலோற்பவம் உட்ட எடத்துல இருந்து நீங்களே போடுங்களேன் மாஸ்டர். ஊசி கடிக்காதுங்க" என்றாள்.

கற்றுக்கொண்டேன். யாரும் பார்க்காத இடமாகப் பின்பக்கம் துவைகல்லில் உட்கார்ந்து, முருங்கை மரத்தின் கீழ் பின்னினேன். இதில் ஒரு சுகம் இருக்கிறது என்று நீ என்னிடம் சொன்னதே இல்லை. ஒவ்வொரு சுற்றையும் யாராவது ஒருவரை மனதுக்குள் வைதுகொண்டே தொடங்குவேன். பழைய மேனேஜர், லியோ, கோவில் பேரவைத் தேர்தலில் எனக்கு எதிராகக் கை தூக்கியவர்கள் என்று எனக்கு ஆளுக்குப் பஞ்சமில்லை. பாதிச் சுற்று வருவதற்குள் யாரை வைதேன் என்பது மறந்துபோகும். மறுபடி முதலிலிருந்து நினைத்துக்கொள்ள வேண்டும். அதற்குள் இருட்டிவிடும்.

ஆனால் ஒரு தப்பு நடந்தது. மில்லில் தளர்ந்த நூல் சிக்கும், சிக்கின நூல் அறும். அதனால் நூலை எப்போதும் விறைப்பாகப் பிடிப்பது என் கையில் ஊறிப்போன வழக்கம். அதே கையோடு இதையும் பின்னியிருக்கிறேன். ஒரு சாண் ஏறிய பிறகு விரித்துப் பார்த்தால், கீழே உன் பின்னல் மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறது, மேலே என் பின்னல் பலகை மாதிரி நிற்கிறது. இடுப்பில் அகலம், நெஞ்சில் ஒடுக்கம். நடுவில் நீ நிறுத்தின இடம் ஒரு கோடாகச் சுற்றி ஓடுகிறது. இருதயம்மாள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "நூல என்னத்துக்குங்க இப்படி நெரிக்கறீங்க? அது உங்க மேனேஜருங்களா?" என்று கேட்டாள்.

பிரித்தேன். மறுபடி பின்னினேன். மறுபடி அதே பலகை. எத்தனை தடவை பிரித்தாலும் உன் கடைசி வரிசை வந்ததும் நிறுத்திக்கொள்வேன். அதற்குக் கீழே ஒரு கண்ணியைக்கூட அவிழவிடவில்லை. இடையில் நூல் தீர்ந்துபோய்க் கோயம்புத்தூர் பெரிய கடை வீதிக்குப் போனேன். நிறம் ஒரு மாற்றுக் குறைவாகத்தான் கிடைத்தது. யாருக்கு என்று கடைக்காரர் கேட்டார். எனக்குத்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்காரிக்கு என்று வாயில் வந்துவிட்டது.

அது பலித்தும் விட்டது. தீபாவளி லீவுக்கு லின்சி வந்தபோது ஸ்வெட்டரின் கைகளும் முடிந்திருந்தன. நான் போட்டுப் பார்த்தேன். நெஞ்சில் வந்து நின்றுவிட்டது, கழற்றுவதற்கு அவள்தான் இழுக்க வேண்டியிருந்தது. பிறகு அவள் போட்டுப் பார்த்தாள். கண்ணாடியில் முன்னும் பின்னும் திரும்பிவிட்டு, "எனக்குத் தொளதொளங்குது. உங்களுக்குப் பத்தலை. அப்ப இது அம்மாவுக்குத்தானுங்கப்பா" என்றாள். சொல்லிவிட்டுக் கழற்றாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். நானும் கழற்று என்று சொல்லவில்லை. பின்பக்கமிருந்து பார்த்தால் அவளுக்கு உன் தோள்.

இப்போது கழுத்து மட்டும் பாக்கி. மீதியை வியாழக்கிழமை எழுதுகிறேன். மோட்டார் பார்க்கிற ஆள் வந்துவிட்டான்.

5.12.1996, வியாழன்.

மோட்டார் ஓடுகிறது. ஆனால் அதற்குள் நேற்று உன் போன் வந்துவிட்டது.

இருதயம்மாள் வீட்டுக் கூடத்தில் நேற்றுச் சாயங்காலம் பெண்கள் எல்லாம் கூடியிருந்தார்கள். திருப்பூரிலிருந்து வந்த பனியன் வெட்டுத் துண்டுகளைச் சேர்த்து அநாதை இல்லத்துப் பிள்ளைகளுக்குப் போர்வை தைக்கிறார்கள். தரை முழுக்க மஞ்சளும் சிவப்பும் நீலமுமாகத் துண்டுகள். அவற்றை மிதிக்காமல் ஓரமாகக் கால் வைத்து நான் போனுக்கு வருவதற்குள் உன் நிமிஷங்கள் ஓடிக்கொண்டிருந்தன. "ஏனுங்க, கேக்குதுங்களா? என்ன முடிவு பண்ணுனீங்க? போட்டுடட்டுங்களா?" என்று கேட்டாய். தையல் மெஷின் நின்றுவிட்டது. அத்தனை ஊசிகளும் நின்றுவிட்டன. அவ்வளவு பேர் நடுவில் நான் என்ன சொல்வது? "லெட்டர் போட்டிருக்கேன். அதுல எழுதியிருக்கேன்" என்றேன்.

 அங்கே உன் பின்னால் யாரோ அரபியில் எதற்கோ கூப்பிடுவது கேட்டது. "சரிங்க, வரட்டுமுங்க" என்றாய். ஊருக்கு வரட்டுமா என்று கேட்கிறாய் என நினைத்து நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. கடிதம் வரட்டும் என்று சொன்னாய் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. 

போட்டிருக்கிறேன் என்று சொன்ன கடிதம் அப்போது தபால்தலை இல்லாமல் இந்த மேஜையில்தான் கிடந்தது. இருதயம்மாளுக்கும் அது தெரிந்திருக்கும்போல. செருப்பு மாட்டும்போது பின்னாலேயே வந்தாள். "ஒத்த வார்த்தைங்க மாஸ்டர். அதையும் நெரிக்கோணுமுங்களா?" என்றாள்.  அவளையும் நான் வைகிற பட்டியலில் சேர்க்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். இன்று காலை அவள் கொடுத்தனுப்பிய ஆப்பத்தைச் சாப்பிட்டதால் சேர்க்கவில்லை.

இனி நீ கேட்ட விஷயம். லின்சியின் படிப்பு இன்னும் ஒன்றரை வருஷம். மயில்சாமி வருகிற தையிலிருந்து இரண்டாவது தறிக்கூடத்தையும் என்னிடம் விடுவதாகச் சொல்லியிருக்கிறார். ஓரளவுக்கு ஓடும். மாடி எடுக்க ஓடாது. அதை நீயே யோசித்துக்கொள். கையெழுத்துப் போடு என்றும் நான் எழுதவில்லை, போடாதே என்றும் எழுதவில்லை. நீ போனபோது என் வார்த்தையைக் கேட்டுப் போகவில்லை. இப்போது மட்டும் அதை எதற்குக் கேட்கிறாய் என்று நினைத்தேன். பிறகு, கேட்டாவது இருக்கிறாளே என்றும் நினைத்தேன்.

ஸ்வெட்டர் விஷயத்தை முடித்துவிடுகிறேன். கழுத்துக் கண்ணிகளைக் கடைசியாக மூடும்போது என் கை இருக்கிற விறைப்புக்குத் தலை உள்ளே நுழையாதாம். போடப்போகிற ஆளின் தலையை விட்டுப் பார்த்துப் பார்த்துத்தான் மூட வேண்டும் என்று இருதயம்மாள் சொல்கிறாள். லின்சி தன் தலையைக் கொடுக்கிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். அவள் ஒற்றைப் பின்னல் போடுகிறவள். உன் கொண்டைக்கு அந்த அளவு சரிவராது. அளவு எழுதி அனுப்பு என்று உன்னைக் கேட்கவும் எனக்கு விருப்பமில்லை. அதனால் கழுத்துக் கண்ணிகள் எல்லாம் அந்த வட்ட ஊசியிலேயே நிற்கின்றன. கூடை இப்போது பீரோ மேல் இல்லை. உன் நாற்காலியில் இருக்கிறது. அடுத்த தடவை லியோ வந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும்.

இதை உனக்குப் பார்சலில் அனுப்புவதாக இல்லை. அந்த ஊர் வெயிலில் இது எதற்கு? வார்டில் ஏ.சி. குளிருக்கு ஆஸ்பத்திரியிலேயே கோட்டுக் கொடுக்கிறார்கள் என்று நீதான் எழுதியிருந்தாய். இது இங்கே போடுவதற்கு மட்டும்தான். விடியற்காலைப் பூசைக்குப் போகும்போது பாலக்காட்டுக் காற்று காதைப் பிடித்து இழுக்குமே, அதற்கு.

பாஸ்போர்ட் விஷயத்தில் எனக்குள்ள கோபம் அப்படியே இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள். இந்தக் கடிதத்திலும் எழுதிப் பார்த்தேன், நன்றாக வரவில்லை. நீ அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒன்றும் காதில் விழாத மாதிரி வெங்காயம் அரிந்துகொண்டு நிற்க வேண்டும். அப்போதுதான் எனக்குச் சரியாகக் கோபித்துக்கொள்ள வருகிறது. இரண்டு வருஷமாகச் சுவரிடம் கோபித்து எனக்கு அலுத்துவிட்டது.

இருதயம்மாள் இன்னொன்றும் சொன்னாள். கண்ணிகள் ரொம்ப நாள் ஊசியிலேயே நின்றால், பிறகு நன்றாகப் பின்னினாலும் அந்த ஒரு வரிசை மட்டும் நெளிந்தே நின்றுவிடுமாம். பிப்ரவரி வரைக்கும் பரவாயில்லையா என்று கேட்டேன். "பிப்ரவரி வரைக்கும் தாங்குமுங்க" என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

இன்று மத்தியானமே கோயம்புத்தூர் பெரிய போஸ்ட் ஆபீசில் கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் உன் கைக்குக் கிடைத்துவிட வேண்டும். குடில் கட்ட லின்சி இருபதாம் தேதி வருகிறாள். நீ வாங்கி வைத்த மாடும் கழுதையும் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. இடையர்களில் ஒருவனுக்கு மட்டும் கை உடைந்திருக்கிறது, ஒட்டிவிடுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. இங்கே குளிர் தொடங்கிவிட்டது. பிப்ரவரிக் கடைசிவரை காலையில் கொஞ்சம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மாதா உனக்கு வழித்துணையாக இருப்பாளாக.

இப்படிக்கு,
பாக்கியசாமி