யாரும் போடாத ஸ்வெட்டர்

மார்ச் 3
மனைவி இன்றும் போய்விட்டு வந்தாள். செவ்வாய் தவறுவதில்லை. செத்தவர்களோடு பேசுவதாகச் சொல்லும் ஒரு அம்மாளிடம். "பாப்பாவோட நீலக் குடையைப் பத்திச் சொன்னாங்க. அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். எனக்கே ஒரு நிமிடம் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் ஒரே பெண். பஸ் மோதி எட்டு மாதம்.

மார்ச் 10
நானும் கூடப் போனேன். வெளி அறையில் பெயர் எழுதும் பெண் எல்லோரிடமும் பேச்சுக் கொடுக்கிறாள். என் மனைவியும் அவளிடம் குடை முதல் செருப்பு வரை ஒப்பிக்கிறாள். உள்ளே போனால் அதுவே திரும்பி வருகிறது. அடப்பாவிகளா.

மார்ச் 12
ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு இருபத்திரண்டு வருட வேலை. இயந்திரத்தின் மேல் சந்தேகம் வந்தால், விடை முன்பே தெரிந்த ரத்தத்தை அதற்குக் கொடுத்துப் பார்ப்போம். இங்கும் அதையே செய்தால் என்ன? பாப்பாவின் ஸ்வெட்டரைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்களாம். அதே சாம்பல் நிறத்தில் புதிதாக ஒன்று வாங்கினேன். பழசாகத் தெரிய நான்கு தடவை துவைத்து, மனைவிக்குத் தெரியாமல் பையில் மாற்றி வைத்துவிட்டேன்.

மார்ச் 17
அந்த அம்மாள் ஸ்வெட்டரைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "இதைப் போட்டாத்தான் தூக்கம் வரும்னு சொல்றா. அப்பா அழக்கூடாதாம்."
பிடிபட்டாள். ஆனால் 'அப்பா' என்றதும் நான் ஏன் அந்த ஸ்வெட்டரைத் தொடக் கை நீட்டினேன்?

மார்ச் 18
மனைவியிடம் சொல்லிவிட்டேன். பழைய ஸ்வெட்டரை மேசையில் வைத்து, "இதுதான் அவளோடது. நேத்து கொண்டுபோனது கடையில வாங்கினது" என்றேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.
"தெரியும். முழங்கையில நான் போட்ட தையல் அதுல இல்லையே."
அப்படி ஒரு தையல் இருப்பதே எனக்குத் தெரியாது.
"அப்புறம் எதுக்கு அங்க உக்காந்து அழுத?"
"அங்க அவ பேரைச் சொல்ல முடியுது. இந்த வீட்டுல எட்டு மாசமா நீங்க ஒரு தடவை சொல்லியிருக்கீங்களா?"
சொல்லவில்லை. சொன்னால் இவள் உடைந்துபோவாள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன் — இவளா? நான்தான். பயந்தாங்கொள்ளி.

மார்ச் 24
செவ்வாய். அரை நாள் விடுப்பு. அவள் கைப்பையோடு கிளம்பி நின்றாள். போகாதே என்று சொல்லவில்லை. உட்கார்ந்து, பாப்பாவின் பெயரைச் சொன்னேன். "பள்ளிக்கூடத்துல முதல் நாள் என்ன பண்ணினா, சொல்லேன்" என்றேன்.
அவள் பையைக் கீழே வைத்தாள். இருட்டும்வரை பேசினாள், அழுதாள், ஒரு தடவை சிரித்தாள். நடுவில் ஒரு வருடத்தைத் தப்பாகச் சொன்னாள். நான் திருத்தவில்லை.