சாம்பிள் எடுத்தவர்: அல்போன்சா

புன்னைக்காயல்,
வெள்ளிக்கிழமை, காலைப் பூசை முடிந்து.

அன்பு மகள் ஜெஸ்லினுக்கு, அம்மா எழுதுவது. நான் சுகம். நீயும் மருமகன் கிருபாகரனும் சுகமாயிருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். மருமகன் என்று எழுதிவிட்டேன், பார்த்தாயா? இரண்டு வருஷமாக என் வாயில் வராத சொல், தாளில் வந்துவிட்டது.

சாம்பிள் பெட்டிக்குள் கடிதம் வருகிறதே என்று திகைக்காதே. ஐஸ் ஈரம் படாமல் பாலித்தீன் கவரில் போட்டு மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். போன் போட்டால் நீ எடுப்பதில்லை. தபாலில் அனுப்பினால் பிரிப்பாயோ, மாட்டாயோ. மட்டிச் சிப்பி வரும் பெட்டியைப் பிரிக்காமல் இருக்க முடியாதே, அது உன் உத்தியோகம். எங்கள் ஊர்ப் பெட்டியைக் கொச்சி ஆய்வகத்தில் நீதான் பிரிக்கிறாய் என்று, மட்டி வாங்கும் கம்பெனியின் வேன் ஓட்டும் செல்வதுரை சொன்னான். கொச்சி போய்த் திரும்பும் ஒவ்வொரு தடவையும் அவனைப் பிடித்து வைத்து விசாரிப்பேன். "கண்ணாடி போட்டிருக்கா, அக்கா. கொஞ்சம் மெலிஞ்சிருக்கா" என்பான். அதற்குமேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது. எப்போது கண்ணாடி போட்டாய்? தலைவலி இருக்கிறதா?

இங்கே மழை விட்டு ஐந்து வாரம் ஆகிறது. ஆற்று வெள்ளம் அடித்து வந்த கழிவெல்லாம் முகத்துவாரத்தில் தங்கிவிட்டதால், நாங்கள் மட்டி எடுக்கும் உள்திட்டில் சிவப்புக் கொடி நட்டு மூடிவிட்டார்கள். இரண்டு தடவை சுத்தம் என்று உங்கள் சோதனைத் தாள் வந்தால்தான் திறப்பார்கள். கிறிஸ்துமஸ் வருகிறது. மட்டி எடுக்கிற அத்தனை பேரும் கரையில் உட்கார்ந்து கொடியையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் இப்போது ஒழுங்காக இருக்கிறேன், பயப்படாதே. தனியாகத் திட்டில் இறங்குவதில்லை. பக்கத்து வீட்டு மரியபுஷ்பம்தான் என் ஜோடி. அவள் கழுத்தில் விசில் தொங்குகிறது. தண்ணீர் ஏறத் தொடங்கியதும் ஊதிவிடுவாள். அளவு பார்க்கிற வளையத்துக்குள் விழுகிற குஞ்சு மட்டியை மண்ணிலேயே திரும்பப் புதைத்துவிடுகிறேன். முன்பெல்லாம் கரையில் நின்று விசில் ஊதியது நீ. இப்போதும் விசில் கேட்டால் நான் முதலில் கரைப்பக்கம்தான் திரும்புகிறேன். மரியபுஷ்பம் என் பக்கத்திலேயே நின்று ஊதுகிறாள் என்பது அப்புறம்தான் உறைக்கிறது.

உங்கள் தாளை எங்கள் மட்டிச் சங்கத்துப் பலகையில் செயலாளர் டிக்சன் ஒட்டுவான். எல்லாரும் திட்டு திறக்குமா என்று பார்ப்பார்கள். நான் அதற்குக் கீழே உன் கையெழுத்தைப் பார்ப்பேன். அப்பாவின் இன்ஷியலை இன்னும் விடாமல் போடுகிறாய். அவர் இருந்திருந்தால் என் வாயை அடக்கியிருப்பார். சாம்பிள் எடுக்கிற வேலைக்குச் சங்கத்தில் ஆள் கிடைக்கவில்லை; நானே கேட்டு வாங்கினேன். எடுத்தவர் பெயரைச் சீட்டில் எழுத வேண்டுமல்லவா? மாதம் இரண்டு தடவையாவது உன் கண்ணில் என் பெயர் படட்டும் என்றுதான்.

அந்தச் சீட்டில் போன தடவை நான் பொய் எழுதினேன், ஜெஸ்லின். "அக்கா, வெளித்திட்டுல நாலு கிலோ அள்ளிப் போடுங்க. எல்லாம் ஒரே கடல்தான" என்று டிக்சன் சொன்னான். ஊர்ப் பிழைப்பு என்று நானும் இளகிவிட்டேன். கழிவு எட்டாத கடல் பக்கத்து மட்டியை எடுத்துப் போட்டு, உள்திட்டு என்று எழுதி, கீழே என் பெயரையும் போட்டேன். சுத்தம் என்று தாள் வந்தது. டிக்சன் கை தட்டினான். நாளைக்கு அதைத் தின்கிறவன் வயிறு கெட்டால் உன் கையெழுத்தைத்தானே கேட்பார்கள் என்று எனக்குப் பகீரென்றது.

தாள் முழுக்க இங்கிலீஷ். அடியில் மட்டும் உன் கையால் தமிழில் ஒரு வரி: "எடுத்தவரே மறுபடியும் எடுத்து அனுப்பவும்." இரண்டாவது சாம்பிளைத்தான் கேட்கிறாள் என்று டிக்சன் நினைத்துக்கொண்டான். எனக்குப் புரிந்துவிட்டது. வெளித்திட்டு மட்டியின் ஓடு வெளுத்திருக்கும், உள்திட்டு மட்டி சேற்றில் கிடந்து கருத்திருக்கும். இந்த மண்ணில் வளர்ந்த உனக்கு அது தெரியாதா? என்னைக் காட்டிக்கொடுக்காமல் கண்டித்திருக்கிறாய். ஆனாலும் அந்த வரியைப் பார்த்து எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. இரண்டு வருஷத்தில் நீ எனக்குச் சொன்ன முதல் வார்த்தை அது.

இன்றைக்கும் வெளித்திட்டில்தான் எடுக்கச் சொன்னார்கள். நான் கொடிக்கு உள்ளே போய் எடுத்தேன். "ஏளா, ஒனக்குக் கிறுக்கா? திட்டத் தெறக்காமப் போயிட்டாங்கன்னா ஊரே ஒன்னத்தான் ஏசும்" என்றாள் மரியபுஷ்பம். ஏசிக்கொண்டேதான் எனக்குத் துணை நின்றாள். பெட்டியில் இருப்பது கருத்த மட்டி. சோதனையில் என்ன வருகிறதோ அதையே எழுது. போன தடவை நடந்ததை உன் மேலதிகாரியிடமும் சொல்லிவிடு. வரும் ஞாயிறு சங்கக் கூட்டத்தில் நானும் சொல்லிவிடுவேன். ஊர் ஏசினால் ஏசட்டும், எனக்கும் வாய் இருக்கிறது.

அந்த வாயால்தான் உன்னை இழந்தேன். வேற சபைக்காரனைக் கட்டினால் என் வாசப்படி மிதிக்காதே என்றேன். சாத்தான்குளத்தில் உனக்குக் கல்யாணம் நடந்த அன்று ஜோடி இல்லாமல், விசில் இல்லாமல் உள்திட்டில் போய் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் இடுப்புக்கு ஏறிய பிறகுதான் எழுந்தேன். வா என்று ஊத அன்று கரையில் யாரும் இல்லை. தப்பு என் பேரில்தான், மகளே. உன்னைப் பார்க்காமல் என்னால் முடியவில்லை.

உன்னை இங்கே வரச் சொல்ல எனக்கு முகம் இல்லை. இந்தத் தடவை நீ அனுப்பும் சோதனைத் தாளிலும் அடியில் ஒரு வரி எழுது: "எடுத்தவரே நேரில் கொண்டு வரவும்." டிக்சன் அதை ஆய்வக விதி என்று நினைத்துக்கொள்வான். வேனில் முன்சீட்டு காலியாகத்தான் போகிறது, செல்வதுரையிடம் கேட்டுவிட்டேன்.

மாதாவின் காவல் உங்கள் இருவர் மேலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
எடுத்தவள்,
உன் அம்மா அல்போன்சா.